தரம் ஆறில் ஓர் ஊசி

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில், பெண்நோயியல் பிரிவில் பணியாற்றும் எமது பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றது உயர்தர வகுப்பில், தமிழ்த்தினப் பேச்சுப் போட்டிக்காக. பாதியிலே பேச்சு மறந்துபோய் நின்றேன். முன்வரிசையில் இருந்த டீச்சர் மெல்ல அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தார். அவர் இன்றும் அதே முன்வரிசையில் இருக்கிறார். ஆகவே எனக்குப் பயமில்லை.

நூற்றாண்டு விழாவில் வைத்தியர் ஒருவர் பேசுவதென்றால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும், அதற்குக் காரணமான எச்.பி.வி. என்னும் வைரசும், அதைத் தடுக்கும் ஊசியும். இதை எமது பாடசாலை மேடையில், டீச்சர்மாருக்கு முன்னால் பேசலாமா என்று நானும் தயங்கினேன். நாங்கள் படித்த காலத்தில் விஞ்ஞானப் புத்தகத்தில் இனப்பெருக்கம் என்ற பாடம் வந்தால், "அதை வீட்டில வாசியுங்கோ" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டிலும் ஒருவரும் அதை விளக்கவில்லை. அந்தத் தயக்கத்தின் விலையை நான் தினமும் எனது வாட்டில் பார்க்கிறேன். அதனால்தான் இன்று பேசுகிறேன்.

முதலில் ஒரு பழைய நினைவு. இடம்பெயர்ந்து மீண்டும் ஊர் வந்து, உடைந்த கதிரை மேசைகளைச் சேர்த்துப் பாடசாலையை நடத்திக்கொண்டிருந்த காலம். ஒருநாள் காலை சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்தார்கள். ருபெல்லாத் தடுப்பூசி. நாங்கள் விறாந்தை நீளத்துக்கு வரிசையில் நின்றோம். ஸ்பிரிட் மணம். முன்னால் நின்றவள் ஊசியைக் கண்டதுமே மயங்கி விழுந்தாள். பின்னால் நின்றவர்கள், "இதைப் போட்டால் பிறகு பிள்ளை பிறக்காதாம்" என்று காதுக்குள் சொன்னார்கள். நானும் பயந்தேன். ஆனால் வரிசையை விட்டு ஓட வழியில்லை, டீச்சர் வாசலில் நின்றார்.

அந்த ஊசி எதற்காகப் போடப்பட்டது என்பது வைத்தியபீடத்துக்குப் போன பின்புதான் எனக்கு விளங்கியது. ருபெல்லா சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் கர்ப்ப காலத்தின் தொடக்கத்தில் தாய்க்கு அது வந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்ணிலும் காதிலும் இருதயத்திலும் குறைபாடு உண்டாகும். இலங்கையில் அந்தத் தடுப்பூசி 1996ஆம் ஆண்டு தொடங்கியது. 2020ஆம் ஆண்டு, சின்னமுத்தையும் ருபெல்லாவையும் ஒழித்த நாடுகளில் ஒன்றாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அன்று அந்த வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் அந்த வெற்றியில் பங்காளிகள். பிள்ளை பிறக்காது என்று காதுக்குள் சொன்னவளுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். அவளும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள்!

இன்று தரம் ஆறில் படிக்கும் எமது தங்கைமாருக்குப் போடப்படும் எச்.பி.வி. ஊசியும் இப்படியானதுதான். அதன் பலன் அடுத்த வருடமே கண்ணுக்குத் தெரியாது. பதினைந்து, இருபது வருடங்கள் கழித்து, வராமற்போன ஒரு நோயாகத்தான் தெரியும்.

எச்.பி.வி. என்றால் என்ன? பப்பிலோமா என்னும் வைரசுக் குடும்பம் மிகப் பெரியது. நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. சில வகைகள் கையிலும் காலிலும் பாலுண்ணியை உண்டாக்கும். சில வகைகள் பாலுறவின்போது தோலோடு தோல் படுவதால் பரவும். அவற்றுள் பதினான்கு வகைகள் வரை புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. குறிப்பாக 16, 18 என்ற இரண்டு வகைகளே உலகில் ஏற்படும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம்.

இந்த வைரசு தொற்றியவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை. பெரும்பாலான பெண்களின் உடல் ஒன்று இரண்டு வருடங்களில் அதைத் தானாகவே வெளியேற்றிவிடும். அவர்களுக்கு அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. சிலரில் மட்டும் அது போகாமல் தங்கிவிடுகிறது. தங்கிய வைரசு கருப்பைக் கழுத்தின் கலங்களைச் சிறிது சிறிதாக மாற்றுகிறது. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பதினைந்து முதல் இருபது வருடங்கள் எடுக்கும். அதாவது இருபது வயதில் தொற்றிய ஒன்று, நாற்பது வயதில், பிள்ளைகள் உயர்தரம் படிக்கும் நேரத்தில், தன் முகத்தைக் காட்டும். இந்த நீண்ட இடைவெளி எமக்குக் கிடைத்த வாய்ப்பு. தடுக்கவும் நேரம் உண்டு, கண்டுபிடிக்கவும் நேரம் உண்டு.

இந்தப் புற்றுநோய்க்கும் பப்பிலோமா வைரசுக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர் ஜெர்மனிய விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசன். 1983இல் 16ஆம் வகையை அவரது குழுவினர் புற்றுநோய்க் கலங்களில் கண்டறிந்தனர். அந்தப் பணிக்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசிக்கு வழி திறந்தவர்கள் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இயன் பிரேசரும், சீனாவிலிருந்து வந்து அவரோடு சேர்ந்த ஜியான் சௌவும். வைரசின் வெளிக்கூட்டுப் புரதத்தை மட்டும் தனியே உருவாக்கினால், அது தானாகவே ஒன்றுசேர்ந்து வைரசைப் போன்ற வடிவத்தைப் பெறுகிறது என்று 1991இல் அவர்கள் காட்டினார்கள். உள்ளே வைரசின் மரபணு கிடையாது. தேங்காயை எடுத்துவிட்டு வெறும் சிரட்டையை வைத்ததைப் போல. சிரட்டை முளைக்குமா? முளைக்காது. ஆனால் உடலின் நோயெதிர்ப்புச் சக்தி அந்தச் சிரட்டையைப் பார்த்து, எதிரியின் உருவத்தை மனதில் பதித்துக்கொள்கிறது. "ஊசியாலேயே வைரசு வந்துவிடாதா?" என்று கேட்கும் தாய்மாருக்கு நான் இதைத்தான் சொல்வேன். 2006இல் இத்தடுப்பூசி பாவனைக்கு வந்தது. ஜியான் சௌ அதைக் காணவில்லை. 1999இலேயே காலமாகிவிட்டார்.

சரி, ஊசி வந்து இத்தனை வருடங்கள் ஆகிவிட்டன. பலன் கிடைத்ததா? இதுதான் இன்றைய பேச்சின் நடுப்பகுதி. கொஞ்சம் இலக்கங்கள் வரும். கணித டீச்சர்மாரும் இருக்கிறபடியால் கவனமாகவே சொல்கிறேன்.

புற்றுநோய் குறைந்ததா என்று பார்க்கப் பல வருடங்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் தொற்றுக் குறைந்ததா என்பதைச் சில வருடங்களிலேயே பார்த்துவிடலாம். அவுஸ்திரேலியா 2007இல், நாடு முழுவதற்குமான இலவசத் திட்டமாக, பாடசாலை மாணவிகளுக்கு இந்த ஊசியைப் போடத் தொடங்கியது. அதற்கு முன்னர், 2005 முதல் 2007 வரை, சிட்னி, மெல்பேர்ன், பேர்த் நகரங்களில் பாப் பரிசோதனைக்கு வந்த 18 முதல் 24 வயது வரையான பெண்களைச் சோதித்தபோது, தடுப்பூசியில் அடங்கிய வைரசு வகைகள் 28.7 சதவீதமானோரிடம் காணப்பட்டன. 2010, 2011ஆம் ஆண்டுகளில் அதே வயதுப் பெண்களைச் சோதித்தபோது அது 6.7 சதவீதமாகக் குறைந்திருந்தது. நூறு பேரில் ஏறத்தாழ இருபத்தொன்பது பேருக்கு இருந்தது, ஏழு பேராகிவிட்டது. நான்கைந்து வருடங்களுக்குள் ஏற்பட்ட மாற்றம் இது.

அமெரிக்காவில் பாடசாலையில் ஊசி போடும் ஒழுங்கு இல்லை. அவரவர் தங்கள் வைத்தியரிடம் போய்ப் போடவேண்டும். ஆகவே ஆரம்ப வருடங்களில் முழுமையாகப் போட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கினர்தான். அப்படியிருந்தும் 14 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் அந்த வைரசு வகைகள் 11.5 சதவீதத்திலிருந்து 5.1 சதவீதமாகக் குறைந்தன. ஏறத்தாழப் பாதி. பிற்காலத்தில் இன்னும் குறைந்தது.

இப்படிப் பதினான்கு நாடுகளில், 6 கோடி மக்களை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் ஓர் அறிக்கை வெளியானது. திட்டம் தொடங்கி ஐந்து முதல் எட்டு வருடங்களில் 13 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளில் 16, 18 ஆகிய வகைகளின் தொற்று 83 சதவீதத்தாலும், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 66 சதவீதத்தாலும் குறைந்திருந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. அவுஸ்திரேலியாவில் முதலில் பெண்பிள்ளைகளுக்கு மட்டுமே ஊசி போட்டார்கள். ஆனால் ஊசி போடாத பெண்களிலும், இளம் ஆண்களிலும்கூட இந்த வைரசினால் வரும் நோய்கள் குறையத் தொடங்கின. ஊரில் பலர் காப்புப் பெற்றுவிட்டால் வைரசு ஒருவரிலிருந்து இன்னொருவருக்குப் போகும் பாதை அறுந்துவிடுகிறது. உங்கள் மகளுக்குப் போடும் ஊசி பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் காக்கிறது. 2013 முதல் அங்கே ஆண்பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள்.

தொற்றுக் குறைந்தால் புற்றுநோயும் குறையும் என்று எதிர்பார்த்தோம். அதுவும் நடந்தது. இங்கிலாந்தில் 2008இல் திட்டம் தொடங்கியது. 2021இல் வெளியான ஆய்வின்படி, 12, 13 வயதில் ஊசி வழங்கப்பட்ட தலைமுறையில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் 87 சதவீதத்தால் குறைந்திருந்தது. 14 முதல் 16 வயதில் வழங்கப்பட்டவர்களில் 62 சதவீதம். 16 முதல் 18 வயதில் வழங்கப்பட்டவர்களில் 34 சதவீதம். ஸ்கொட்லாந்தில் 1988க்கும் 1996க்கும் இடையில் பிறந்த பெண்களைப் பற்றிய ஆய்வு 2024இல் வெளியானது. 12, 13 வயதில் ஊசி பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் பதிவாகவில்லை. ஒருவருக்குக்கூட இல்லை. நான் வைத்தியராகி இத்தனை வருடங்களில் புற்றுநோயைப் பற்றிய கட்டுரைகளில் இப்படியொரு வசனத்தை வாசித்தது மிக அரிது.

இங்கிலாந்தின் அந்த மூன்று இலக்கங்களையும் மீண்டும் நினைத்துப் பாருங்கள். 87, 62, 34. வயது ஏற ஏறப் பலன் இறங்குகிறது. ஏனென்றால் இந்த ஊசி வரப்போகும் தொற்றைத் தடுக்கும். வந்துவிட்ட தொற்றைப் போக்காது. "பத்து வயதுப் பிள்ளைக்கு இப்ப என்ன அவசரம், கலியாண வயது வரட்டும் பார்ப்போம்" என்று சொல்லும் தாய்மாருக்கு அந்த மூன்று இலக்கங்களுமே பதில். இன்னொரு காரணமும் உண்டு. சின்ன வயதில் உடலின் எதிர்ப்புச் சக்தி இந்த ஊசிக்கு மிக நன்றாகப் பதிலளிக்கும்.

எமது நாட்டில் 2017ஆம் ஆண்டு இத்தடுப்பூசி தேசிய நோய்த்தடுப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. தரம் ஆறில் படிக்கும் மாணவிகளுக்கு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவைகள், பாடசாலையிலேயே இலவசமாகப் போடுகிறார்கள். 2022இல் உலக சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரையானவர்களுக்கு ஒரு தடவை போட்டாலும் போதிய காப்புக் கிடைக்கும் என்று அறிவித்தது. இதற்கு உதவிய ஆய்வுகளில் ஒன்று எமது அயல்நாட்டில் நடந்தது. இந்தியாவில் இரண்டு தடவையா மூன்று தடவையா நல்லது என்று ஆராயத் தொடங்கிய ஓர் ஆய்வு 2010இல் இடைநடுவில் நிறுத்தப்பட்டது. அதனால் பல பிள்ளைகளுக்கு ஒரு ஊசி மட்டுமே கிடைத்திருந்தது. ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் பத்து வருடங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஒரு ஊசி பெற்றவர்களும் நிலைத்த தொற்றிலிருந்து மிக நன்றாகவே காக்கப்பட்டிருந்தார்கள். ஆனாலும் எமது பாடசாலையில் இரண்டு தடவைகள் தரும்வரை இரண்டையும் போடுவியுங்கள். "ஒன்று போதுமாம், டொக்டர் சொன்னவ" என்று என் பேரைச் சொல்லி இரண்டாவதைத் தவறவிட வேண்டாம்.

இப்போது தாய்மார் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கு வருகிறேன்.

முதலாவது கேள்வியை ஒருவரும் நேராகக் கேட்பதில்லை. "என்ர பிள்ளை நல்ல பிள்ளை டொக்டர், அவளுக்கு இது தேவையோ?" என்றுதான் கேட்பார்கள். இந்த வைரசு மிகச் சாதாரணமானது. பாலுறவு வாழ்வைத் தொடங்கிய பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருமுறையாவது அதைச் சந்திக்கிறார்கள். வாழ்நாள் முழுவதும் கணவர் ஒருவரோடு மட்டும் வாழ்ந்த பெண்ணுக்கும் அது வரலாம். அது ஒருவருடைய நடத்தைக்கான சான்றிதழ் அல்ல. ஏற்புவலித் தடுப்பூசி போடும்போது, பிள்ளை துருப்பிடித்த ஆணியை மிதிக்கப் போகிறாள் என்று நாங்கள் நினைக்கிறோமா? இல்லையே. இந்த ஊசி போட்டதால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதில்லை என்பதையும் பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது, "பிள்ளைப்பேறு இல்லாமற் போகுமோ?" நான் வரிசையில் நின்ற காலத்துக் கதை இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தடுப்பூசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மாறாக, புற்றுநோய்க்கு முந்திய நிலைக்குச் செய்யும் சில சிகிச்சைகளால் பின்னர் குறைமாதப் பிரசவம் ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது. புற்றுநோயே வந்துவிட்டால் பல வேளைகளில் கருப்பையையே எடுக்க நேரிடுகிறது. ஆகவே பேரப்பிள்ளையைக் காண விரும்பும் அம்மம்மாமார்தான் இந்த ஊசியை முதலில் ஆதரிக்க வேண்டும்.

மூன்றாவது, பக்கவிளைவுகள். கை நோகும், சிவக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும். சில பிள்ளைகள் பயத்தில் மயங்குவார்கள். அதனால்தான் ஊசி போட்டபின் சிறிது நேரம் இருத்தி வைத்துப் பார்க்கிறார்கள். காலையில் சாப்பிடாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். முன்னர் ஏதாவது ஊசிக்குக் கடுமையான ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

வதந்தி என்ன செய்யும் என்பதற்கு யப்பான் நாடு ஒரு பாடம். 2013 ஏப்ரலில் அங்கே இந்தத் தடுப்பூசி தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. ஊசி போட்ட சில பிள்ளைகளுக்கு நோவும் கைகால் இயக்கக் குறைபாடும் வந்ததாகத் தொலைக்காட்சிகளில் காட்டினார்கள். இரண்டே மாதத்தில் அரசாங்கம் தனது பரிந்துரையை நிறுத்திக்கொண்டது. ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்த ஊசி போடுவோர் தொகை ஒரு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. பிறகு நகோயா நகரில் ஏறத்தாழ 30,000 இளம் பெண்களிடம் ஆராய்ந்தபோது, ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் இடையில் அந்த அறிகுறிகளில் வேறுபாடு காணப்படவில்லை. 2022இல்தான் மீண்டும் பரிந்துரைத்தார்கள். இடையில் போன ஒன்பது வருடங்களில் ஊசி வயதைக் கடந்துபோன பிள்ளைகளை நினைத்தால் ஒரு வைத்தியராக எனக்கு மனம் வலிக்கிறது.

இனி எனக்கு நெருக்கமான ஒரு கதை. பெயர் சொல்லமாட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னர் எனது கிளினிக்கில் ஓர் அக்கா வந்து இருந்தார். மெலிந்து, வெளிறிப்போயிருந்தார். நான் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, "நீ நெட்போல் விளையாடின பிள்ளையெல்லோ?" என்று கேட்டார். நிமிர்ந்து பார்த்தேன். நான் கீழ் வகுப்பில் படித்தபோது எங்கள் இல்லத் தலைவியாக இருந்தவர். விளையாட்டுப் போட்டி நாட்களில் அவருடைய குரல் வீதிவரை கேட்கும். அன்று அவருடைய குரல் எனக்கே கேட்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேலாக இடையிடையே இரத்தப்போக்கு. மாதவிடாய் நிற்கிற வயது, அதுதான் குழப்பம் என்று நினைத்து இருந்துவிட்டார். யாரிடமும் சொல்ல வெட்கம். குடும்பநல மாது மூன்று தடவைகள் வீட்டுக்கு வந்து பாப் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார். "எனக்கு ஒண்டும் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான் பரிசோதித்தபோது நோய் இடுப்புச் சுவர்வரை பரவியிருந்தது. தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினேன்.

தன்னைப்பற்றி அவர் அதிகம் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார். "பள்ளிக்கூடத்தால மகளுக்கு ஊசி போடுறதெண்டு கடிதம் வந்தது. மாமி வேண்டாம் எண்டா. நானும் கையெழுத்துப் போடேல்லை. அது இதுக்குத்தானோ?"

அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. "ஓம் அக்கா, இதுக்குத்தான்" என்று சொன்னேன். மகள் அப்போது தரம் எட்டு. இன்னும் நேரம் இருந்தது. அன்று மாலையே அந்தப் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரியோடு தொலைபேசியில் பேசினேன். அடுத்த கிழமை அவரே மகளைக் கூட்டிக்கொண்டு போய் முதலாவது ஊசியைப் போடுவித்தார். இரண்டாவது ஊசிக்கு மகள் தகப்பனோடுதான் போனாள். அக்கா அதற்குள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

அக்காவில் நான் குறை சொல்லமாட்டேன். ஏனென்றால் நானும் அதே பிழையைச் செய்தவள்தான். முப்பத்தைந்து வயதில் பாப் பரிசோதனை செய்யவேண்டும் என்று தினமும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு, எனது பரிசோதனையை முப்பத்தெட்டு வயதில்தான் செய்தேன். நேரமில்லை என்பது நான் சொன்ன சாட்டு. உண்மையில் எனக்கும் வெட்கம்தான். பரிசோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெட்டுவது கொத்துவது ஒன்றுமில்லை. முடிவு நல்லபடியாக வந்தது. நல்லபடியாக வராமலும் போயிருக்கலாம்.

ஆகவே இந்த மண்டபத்தில் இருப்பவர்களை நான் இரண்டாகப் பிரிக்கிறேன். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிரித்தது போல.

ஒன்று, ஊசி வருவதற்கு முன்னர் பாடசாலையை விட்டுப்போன நாங்கள். எங்களுக்குரிய காப்புப் பரிசோதனைதான். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் நடக்கும் வெல் வுமன் கிளினிக் என்னும் பெண்கள் நலக் கிளினிக்கில் 35 வயதிலும் 45 வயதிலும் இலவசமாகச் செய்கிறார்கள். அந்த வயது தாண்டி ஒருமுறையும் செய்யாதவர்கள் இனியாவது போங்கள். பாலுறவின் பின் இரத்தம் போனால், இரண்டு மாதவிடாய்களுக்கு இடையில் போனால், மாதவிடாய் முற்றாக நின்றபின் ஒரு துளி போனாலும், துர்நாற்றத்தோடு வெள்ளை போனால், பரிசோதனை நாளுக்குக் காத்திருக்காமல் உடனே வைத்தியரிடம் போங்கள்.

மற்றது, 2017க்குப் பின்னர் தரம் ஆறைக் கடந்த தங்கைமார். முதன்முதலில் ஊசி பெற்ற அந்தப் பிள்ளைகள் 2006ஆம் ஆண்டளவில் பிறந்தவர்கள். இப்போது பல்கலைக்கழக வாசலிலும் வேலைத்தலங்களிலும் நிற்கிறார்கள். அவர்கள் 35 வயதுப் பரிசோதனைக்குப் போகும்போது 2041ஆம் ஆண்டாகியிருக்கும். ஊசி எல்லா வகை வைரசுகளையும் தடுப்பதில்லை, ஆகவே அவர்களும் பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் அன்று பரிசோதிக்கும் வைத்தியருக்கு, எனக்கு இன்று உள்ள அளவு கெட்ட செய்திகள் சொல்ல இருக்காது.

உலக சுகாதார நிறுவனம் 2030ஆம் ஆண்டுக்கென மூன்று இலக்குகளை வைத்திருக்கிறது. 15 வயதுக்குள் 90 சதவீதமான பெண்பிள்ளைகளுக்கு ஊசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 சதவீதமான பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டவர்களில் 90 சதவீதமானோருக்குச் சிகிச்சை. முதலாவதற்கு எங்கள் நாட்டில் வழி இருக்கிறது, ஏனென்றால் பாடசாலைகள் இருக்கின்றன, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும் டீச்சர்மார் இருக்கிறார்கள். இரண்டாவதுதான் கடினம். நாற்பது வயதுப் பெண்களை வரிசையில் நிறுத்த ஒரு டீச்சரும் வரமாட்டார். நாங்களே போகவேண்டும்.

சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நூற்றாண்டு நினைவாக மண்டபம் கட்டுகிறோம், மதில் கட்டுகிறோம். நல்லது. அதோடு, ஒவ்வொரு வருடமும் தரம் ஆறுக்கு ஊசி போடும் நாளுக்கு முன்னர், அந்தப் பிள்ளைகளின் தாய்மாரை ஒருமுறை அழைத்துப் பேசுவோம். எங்களுக்குள் வைத்தியர்கள், தாதியர், குடும்பநல மாதுக்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! ஒரு மணித்தியாலம் போதும். ஒரு தேநீரும் போதும். அன்றே அந்தத் தாய்மாரிடம், "நீங்கள் உங்கட பரிசோதனையைச் செய்தாச்சோ?" என்றும் கேட்போம். பிள்ளையின் கடிதத்தில் கையெழுத்து வைக்கும் கை, தனது பெயரையும் கிளினிக்கில் பதியட்டும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்னிலும் இருந்து வந்திருக்கும் தோழியருக்கும் சொல்கிறேன். அங்கே உங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இந்த ஊசி கிடைக்கிறது. பாடசாலையால் வரும் படிவத்தைப் பையின் அடியில் கிடக்கவிடாதீர்கள்.

இறுதியாக, முன்வரிசையில் இருக்கும் தரம் ஆறு மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. நான் சொன்னதில் பாதி உங்களுக்கு விளங்கியிருக்காது. பரவாயில்லை. எனக்கும் அந்த வயதில் விளங்கவில்லை. ஊசி நாளன்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கை கொஞ்சம் நோகும். முன்னால் நிற்பவள் மயங்கினால் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளை பிறக்காது என்று பின்னால் நிற்பவள் காதுக்குள் சொன்னால், "அந்த அக்கா எங்கட மண்டபத்தில வந்து விளக்கமாச் சொன்னவ, அப்படி ஒண்டும் இல்லை" என்று திரும்பிச் சொல்லுங்கள்.

எனக்கு இன்று பேச்சு மறக்கவில்லை, டீச்சர்.